ஆயிரம் டாலர் விலக்கு: வெளிநாட்டு பார்சல்களும் ஆஸ்திரேலியக் கடைகளும்

கேள்வி இதுதான்: வெளிநாட்டு ஆன்லைன் கடைகளில் வரி இல்லாமல் பொருள் வாங்குவதால் உள்ளூர்க் கடைகளுக்கும் அரசின் வருமானத்துக்கும் நிஜமாகவே அடி விழுகிறதா, இல்லை பெரிய கடைக்காரர்கள் தங்கள் லாபத்துக்காகப் போடும் கூச்சலா?

பொதுவாகப் பதில் சொன்னால் இரண்டு பக்கத்துக்கும் வாதம் சேர்த்துக்கொண்டே போகலாம், எதுவும் தெளியாது. அதனால் ஆஸ்திரேலியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே இந்தச் சண்டை ஏழெட்டு வருடம் நடந்தது. அரசு ஆய்வு வந்தது, சட்டம் வந்தது, சட்டத்துக்குப் பிறகு என்ன ஆனது என்பதும் நம் கண் முன்னால் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வரி விலக்கு அநியாயம், அதை நீக்கியது சரி. ஆனால் கடைகள் தளர்ந்ததற்கு அது முதல் காரணம் இல்லை, நீக்கியதால் கடைகளுக்குப் பெரிய உயிரும் வந்துவிடவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பேசியதால்தான் பல வருடம் வீணானது.

முதலில் விலக்கு எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் 2000 ஜூலை 1 அன்று 10 சதவீத ஜிஎஸ்டி வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருள் 1,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் இல்லையென்றால் ஜிஎஸ்டியும் கிடையாது, சுங்க வரியும் கிடையாது. தபாலில் வருவதற்கு ஆரம்பத்திலேயே 1,000 டாலர் வரம்பு இருந்தது. சரக்கு விமானம், கூரியர் வழியாக வருவதற்கு வரம்பு 250 டாலராக இருந்தது. 2005இல் அதையும் 1,000 ஆக்கி ஒன்றாக்கினார்கள். அன்றைக்கு அதில் தப்பே இல்லை. 40 டாலர் புத்தகத்துக்கு 4 டாலர் வரி வாங்க ஒரு சுங்க அதிகாரி பார்சலைப் பிரித்து, மதிப்புப் போட்டு, வாங்கியவருக்குத் தகவல் அனுப்பி, பணம் வரும்வரை கிடங்கில் வைத்திருந்தால் அந்தச் செலவு வரியை விழுங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களும் அப்போது குறைவு.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. ஒரு பொருளை பிரிட்டனிலிருந்து ஏற்றுமதி செய்தால் அந்நாட்டு வாட் வரி அதன் மேல் விழாது. 2011 ஜனவரி முதல் அங்கே வாட் 20 சதவீதம். லண்டனில் 120 பவுண்டுக்கு விற்கும் பொருளை சிட்னிக்காரர் 100 பவுண்டுக்கு வாங்கலாம். இது சலுகையோ ஓட்டையோ இல்லை. பொருள் எங்கே பயன்படுகிறதோ அந்த நாடு வரி போட்டுக்கொள்ளட்டும் என்பதுதான் உலகம் முழுவதும் இந்த வகை வரிக்கு உள்ள ஏற்பாடு. பிரிட்டன் தன் வரியை விட்டுக்கொடுத்தது. ஆஸ்திரேலியா தன் வரியைப் போடவில்லை. ஆக, அந்தப் பார்சல் எந்த நாட்டிலும் விற்பனை வரி கட்டாமல் வீடு வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியக் கடைக்காரர் அதே பொருளை இறக்குமதி செய்து விற்றால் விற்கும் விலையில் பதினொன்றில் ஒரு பங்கை ஜிஎஸ்டியாகக் கட்டினார். நான் அநியாயம் என்று சொல்வது இதைத்தான்.

அடி எல்லாக் கடைக்கும் ஒன்றுபோல் விழவில்லை. கறிகாய்க் கடைக்கோ ஃப்ரிட்ஜ் விற்பவருக்கோ இதனால் ஒன்றும் ஆகவில்லை. எடை குறைவாக, விலை அதிகமாக, அளவும் மாடலும் எண்ணால் சொல்லக்கூடியதாக எது இருந்ததோ அதுதான் போனது: புத்தகம், அழகுசாதனம், ஓடுவதற்கான ஷூ, கேமரா லென்ஸ், சைக்கிள் பாகம். சைக்கிள் கடைகளின் கதை நன்றாகப் புரியவைக்கும். பிரிட்டனின் விகிள், வட அயர்லாந்தின் செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ் என்ற இரண்டு இணையக் கடைகளும் ஆஸ்திரேலியாவுக்கு மலிவாகவோ இலவசமாகவோ அனுப்பின. கியரும் செயினும் டயரும் உலகம் முழுவதும் ஒரே மாடல் எண்ணில் வருபவை. அங்கே பில்லில் இருந்த விலை, இங்கே கடைக்காரர் தன் விநியோகஸ்தரிடம் வாங்கும் மொத்த விலையைவிடவே சில சமயம் குறைவாக இருந்தது. வாடிக்கையாளர் பாகத்தை வெளிநாட்டில் வாங்கிக்கொண்டு, மாட்டித்தருவதற்கு மட்டும் உள்ளூர்க் கடைக்கு வந்தார். ஷூக் கடையில் போட்டுப் பார்த்து, அளவைத் தெரிந்துகொண்டு, வெளியே வந்து போனில் ஆர்டர் போடுவதும் அந்தக் காலத்தில் சாதாரணமானது. கடைக்காரரின் வாடகையும் ஊழியரின் நேரமும் செலவாயின, விற்பனை வேறு நாட்டில் பதிவானது.

ஆனால் அந்த வாக்கியத்தையே திரும்பப் பாருங்கள்: கடைக்காரரின் கொள்முதல் விலையே வெளிநாட்டின் சில்லறை விலையைவிட அதிகம். அங்கே 10 சதவீத ஜிஎஸ்டி எவ்வளவு தூரம் காரணமாக இருக்க முடியும்?

2010 கடைசியில் ஆஸ்திரேலிய டாலர் அமெரிக்க டாலருக்குச் சமமானது, 2011இல் அதையும் தாண்டியது. சுரங்கத் தொழில் கொழித்த நேரம். வெளிநாட்டுப் பொருள் திடீரென்று மலிவானது. 2010 கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் ஹார்வி நார்மன் என்ற கடைத்தொடரின் தலைவர் ஜெரி ஹார்வி முன்னால் நிற்க, மையர், டேவிட் ஜோன்ஸ் போன்ற பெரிய கடைகள் சேர்ந்து பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, இந்த விலக்கை எடு என்று அரசைக் கேட்டன. கேட்டது நியாயம். கேட்டவர்களும் கேட்ட நேரமும்தான் கெடுத்தன. விலை ஏன் இவ்வளவு அதிகம் என்று பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மக்களிடம், கோடீஸ்வரர்கள் வந்து நீங்கள் இன்னும் 10 சதவீதம் அதிகம் கொடுக்க வேண்டும் என்று சொன்னதுபோல் ஆகிவிட்டது. சமூக ஊடகங்களில் கோபம் கொட்டியது, ஹார்வி பிரச்சாரத்தின் முன்வரிசையிலிருந்து விலகிக்கொண்டார். இடையில் மையர், சீனாவிலிருந்து ஆஸ்திரேலியர்களுக்கு நேரடியாக அனுப்பும் இணையக் கடை தொடங்கப்போவதாகவும் அறிவித்தது. விலக்கு நீடித்தால் உள்ளூர்க் கடையே வெளிநாட்டுக் கடையாக மாறுவதுதான் லாபம் என்று அதற்கு அர்த்தம். வரிச் சட்டம் ஒரு வியாபாரத்தை இப்படித் தள்ளுகிறது என்றால் அந்தச் சட்டத்தில் கோளாறு இருக்கிறது.

அரசு விஷயத்தை ப்ரொடக்டிவிட்டி கமிஷனிடம் ஒப்படைத்தது. பொருளாதாரக் கேள்விகளை ஆராய்ந்து சொல்லும் சுயேச்சையான அரசு அமைப்பு அது. 2011 கடைசியில் வெளியான அதன் அறிக்கையைத்தான் இந்த விவாதத்தில் நான் அதிகம் மதிக்கிறேன். மொத்தச் சில்லறை வியாபாரத்தில் ஆன்லைன் பங்கு சுமார் 6 சதவீதம் என்றும், அதில் உள்நாட்டு இணையக் கடைகளுக்கே 4 சதவீதம், வெளிநாட்டுக்கு 2 சதவீதம்தான் என்றும் அது கணக்கிட்டது. நூறு டாலர் செலவில் இரண்டு டாலர். அந்த இரண்டும் சில துறைகளில் குவிந்திருந்ததால் அங்கே வலி அதிகம் என்பது உண்மை. ஆனால் சில்லறை வியாபாரம் முழுவதும் மந்தமாக இருந்ததற்கு இது விளக்கமாகாது. மக்கள் சேமிக்க ஆரம்பித்திருந்தார்கள், கடை வாடகை அதிகம், கடை வைக்கும் இடத்துக்கான நகரத் திட்ட விதிகள் போட்டியை நெருக்கின, உள்ளூர்ப் பெருங்கடைகள் தங்கள் இணையக் கடைகளைத் தாமதமாகத்தான் கட்டின.

எல்லாவற்றையும்விடப் பெரியது, சர்வதேச பிராண்டுகள் ஆஸ்திரேலியாவுக்கு என்று தனி விலை வைத்தது. நாட்டுக்கு ஒரே விநியோகஸ்தர், அவர் வைத்ததுதான் விலை. 2013இல் நாடாளுமன்றக் குழு ஒன்று ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அடோபி மூன்றையும் அழைத்து உட்காரவைத்து இதே கேள்வியைக் கேட்டது. இணையத்தில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளுக்குக் கப்பல் செலவும் இல்லை, கடை வாடகையும் இல்லை, அப்படியிருந்தும் ஆஸ்திரேலியர்கள் அமெரிக்கர்களைவிடப் பல மடங்கு அல்ல என்றாலும் பாதிக்குப் பாதி அதிகம் கொடுப்பது சகஜம் என்று அந்தக் குழு கண்டது. 50 சதவீத வித்தியாசத்தை 10 சதவீத வரி உண்டாக்காது.

புத்தகக் கடைகளில் எல்லாக் காரணமும் ஒன்றாகச் சேர்ந்தன, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒரு வெளிநாட்டுப் புத்தகத்துக்கு ஆஸ்திரேலியப் பதிப்பு குறிப்பிட்ட நாளுக்குள் வந்துவிட்டால், கடைக்காரர் வேறு நாட்டின் மலிவுப் பதிப்பை இறக்குமதி செய்து அடுக்க முடியாது என்று உள்ளூர்ச் சட்டம் இருந்தது. எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் காக்க வந்த சட்டம். 2009இல் இதை எடுத்துவிடலாம் என்று கமிஷன் சொன்னது, அரசு ஏற்கவில்லை. ஆக, கடைக்காரருக்கு மலிவுப் பதிப்பு வாங்கத் தடை, வாடிக்கையாளருக்கு அதே பதிப்பைப் பிரிட்டனிலிருந்து ஒன்றொன்றாக வரவழைக்கத் தடை இல்லை. பிரிட்டனில் புத்தகத்துக்கு வாட்டே கிடையாது. புக் டெபாசிட்டரி என்ற பிரிட்டிஷ் இணையப் புத்தகக் கடை உலகம் முழுவதும் இலவசமாக அனுப்பியது. இங்கே வரி விலக்கு. மேலே வலுவான டாலர். இந்த ஐந்தில் கடைக்காரரின் கையில் ஒன்றுகூட இல்லை. 2011 பிப்ரவரியில் பார்டர்ஸ், ஆங்கஸ் அண்ட் ராபர்ட்சன் என்ற புத்தகக் கடைத்தொடர்கள் இரண்டையும் நடத்திய ரெட்குரூப் விழுந்தது. அது கடனில் ஓடிய நிறுவனம், பார்டர்ஸ் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கூடத்தான் விழுந்தது, எனவே முழுப் பழியையும் வரி மேல் போட முடியாது. அந்த ஜூனில் சிறுதொழில் அமைச்சராக இருந்த நிக் ஷெர்ரி, ஐந்து வருடத்தில் பெருநகரங்களின் சில சிறப்புக் கடைகள் தவிர புத்தகக் கடையே இருக்காது என்று சொன்னார். அப்படி நடக்கவில்லை. விலக்கு நீடித்த அத்தனை வருடமும் தாங்கி நின்றவை பெரும்பாலும் எந்தக் கடைத்தொடரையும் சேராத சிறு கடைகள். வாசகரைப் பெயர் சொல்லி அறிந்தவை, எழுத்தாளர் கூட்டம் நடத்தியவை.

இப்போது அரசு வருமானம். ஜிஎஸ்டியை மத்திய அரசு வசூலித்தாலும் முழுத் தொகையும் மாநிலங்களுக்குத்தான் போகிறது. அரசுப் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துபவை மாநிலங்கள். அதனால் கசிவு பற்றி அதிகம் கவலைப்பட்டவையும் மாநிலங்களே. எவ்வளவு கசிந்தது? வரம்பை 100 டாலருக்கு இறக்கினால் சுமார் 50 கோடி டாலர் வரும் என்று கமிஷன் மதிப்பிட்டது. வாங்குவதற்கு ஆகும் செலவு சுமார் 120 கோடி டாலர். ஒரு டாலர் வரி வாங்க இரண்டு டாலருக்கு மேல் செலவு. பார்சலை எல்லையில் நிறுத்தி வரி வாங்கும் பழைய முறையில் இது நடக்காத காரியம். கொள்கை அளவில் விலக்கின் வரம்பை நன்றாகக் குறைக்க வேண்டும், ஆனால் வசூலிக்க வழி கிடைக்கும்வரை கை வைக்காதீர்கள் என்று கமிஷன் சொன்னது. கடைக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அது நேர்மையான பதிலாகப் படுகிறது.

வழி பிறகு கிடைத்தது. எல்லையில் வாங்குவதை விட்டுவிட்டு விற்கும் இடத்திலேயே வாங்கு என்பதுதான் அந்த வழி. வெளிநாட்டு பார்சல்களில் பெரும்பகுதி ஒரு சில பெரிய தளங்கள் வழியாகத்தான் விற்கிறது. அந்தத் தளமே பில் போடும்போது ஜிஎஸ்டியைச் சேர்த்து வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்திரேலிய வரித் துறைக்கு அனுப்பினால் போதும், ஒரு பார்சலைக்கூட நிறுத்த வேண்டாம். 2015 ஆகஸ்டில் மாநிலங்கள் எல்லாம் இதற்குச் சம்மதித்தன. ஜிஎஸ்டியின் வரம்பை விரிக்க எல்லா மாநிலங்களின் சம்மதமும் வேண்டும் என்பது அங்கே விதி. 2017இல் சட்டம் நிறைவேறி, 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் விற்கும் வெளிநாட்டு வியாபாரி பதிவு செய்ய வேண்டும். முக்கியமான விதி இதற்கு அடுத்தது: ஈபே, அமேசான் போன்ற சந்தைத் தளங்களில் ஆயிரம் சின்ன வியாபாரிகள் விற்றாலும், சட்டத்தின் கண்ணுக்கு விற்பவர் அந்தத் தளம்தான். அமெரிக்காவில் முகவரி கொடுத்து அங்கிருந்து திருப்பி அனுப்பித்தரும் சேவைகளும் பிடிக்குள் வந்தன.

தளங்கள் சும்மா இருக்கவில்லை. ஆஸ்திரேலியர்கள் வெளிநாட்டு வியாபாரிகளிடம் வாங்குவதையே தடுக்க வேண்டியிருக்கும் என்று ஈபே எச்சரித்தது. அமேசான் நிஜமாகவே செய்தது. 2018 ஜூலை முதல் ஆஸ்திரேலியர்கள் அமெரிக்க அமேசானில் வாங்க முடியாமல் அடைத்து, சரக்கு பல மடங்கு குறைவாக இருந்த உள்ளூர்த் தளத்துக்குத் திருப்பிவிட்டது. மக்கள் கத்தினார்கள், அரசு அசையவில்லை. அதே நவம்பரில் அமேசான் தடையை விலக்கி, வரியையும் வசூலிக்க ஆரம்பித்தது. முதல் முழு ஆண்டுக்கு அரசு எதிர்பார்த்தது 7 கோடி டாலர். முதல் மூன்று மாதத்திலேயே 8 கோடி டாலர் வந்தது. இதை நான் பெரிய வெற்றியாகவே பார்க்கிறேன். வெளிநாட்டு நிறுவனங்கள் நம் சட்டத்துக்குக் கட்டுப்படாது, முயற்சி செய்வதே வீண் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறைய. ஆனால் அளவையும் மறந்துவிடக் கூடாது. நாட்டின் மொத்த ஜிஎஸ்டி அப்போது ஆண்டுக்கு 6,000 கோடி டாலருக்கு மேல். இந்த வரவு அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. கசிந்த பணத்தால் ஆஸ்பத்திரிகள் மூடவிருந்தன என்பதுபோல் பேசியதும் மிகைதான்.

சரி, கடைகள்? வரி சமமான பிறகும் வெளிநாட்டு ஆன்லைன் வளர்ந்தது. மலிவுப் பொருள் விற்கும் இணையக் கடையான டெமு 2023இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது, அதேபோன்ற ஷீன் அதற்கு முன்பே இருந்தது. இரண்டும் ஜிஎஸ்டி வாங்கித்தான் விற்கின்றன, இருந்தும் கூட்டம் அலைமோதுகிறது. 10 சதவீதம் அவர்களை நிறுத்தவில்லை, நிறுத்தும் என்று நினைத்ததும் தவறு. தொழிற்சாலையிலிருந்து நேராக வீட்டுக்கு, நடுவில் இறக்குமதியாளர், மொத்த வியாபாரி, கடை என்ற மூவரும் இல்லாமல் வருகிறது. இன்று உள்ளூர்க் கடைக்காரரின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. பொத்தான் பேட்டரி உள்ள பொம்மைக்கு 2022 ஜூன் முதல் ஆஸ்திரேலியாவில் கட்டாயப் பாதுகாப்புத் தரம் உண்டு. குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் வந்த நல்ல விதி. உள்ளூர்க் கடை அதைச் சோதித்த பொருளைத்தான் விற்க வேண்டும், மீறினால் அபராதம் அதன் தலையில். வெளிநாட்டுச் சந்தைத் தளத்தில் பெயர் தெரியாத விற்பனையாளர் மீறினால் யாரைப் பிடிப்பது? வரிக்குத் தளமே விற்பவர் என்று சட்டம் சொல்கிறது. பாதுகாப்புக்கும் அப்படியே சொல்ல வேண்டும் என்று கடைக்காரர்கள் கேட்டால் நான் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். இது 10 சதவீதத்தைவிடப் பெரிய விஷயம்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வரி விலக்கு எங்கேயுமே கடைகளைக் கொல்லவில்லை என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கொன்ற இடம் உண்டு. பிரிட்டனில் 18 பவுண்டு வரையான இறக்குமதிக்கு வாட் கிடையாது என்று ஒரு விலக்கு இருந்தது. இங்கிலாந்துக்குத் தெற்கே இருக்கும் ஜெர்சி, கெர்ன்சி தீவுகள் வாட் எல்லைக்கு வெளியே. சிடி, டிவிடி எல்லாம் அந்த விலைக்குள் அடங்கின. தீவில் கிடங்கு வைத்துப் பிரிட்டிஷ் மக்களுக்கே அனுப்பும் தொழில் அதனால் முளைத்தது, ஜெர்சியின் ப்ளே டாட் காம் அப்படிப் பெரிதான நிறுவனம். ஒரே பொருள், ஒரே மொழி, கிட்டத்தட்ட ஒரே தபால் தூரம், ஒரே கொள்முதல் விலை. வித்தியாசம் வரி மட்டும்தான். கடைத்தொடர்களைச் சேராத இசைத்தட்டுக் கடைகள் இதைப் பல வருடம் எடுத்துச்சொல்லிப் பார்த்தன, அதற்குள் பல மூடிவிட்டன. 2012 ஏப்ரலில் தீவுகளுக்கு விலக்கை நிறுத்தியதும் அந்தத் தொழில் தீவிலிருந்து சுருண்டது, அடுத்த ஆண்டே ப்ளே டாட் காம் தன் நேரடி விற்பனையை நிறுத்தியது. மற்ற எல்லாம் சமமாக இருக்கும்போது வரி ஒன்றே ஆளைத் தீர்த்துக்கட்டும். ஆஸ்திரேலியாவில் மற்றவை சமமாக இல்லை.

ஆஸ்திரேலியாவின் முறை பிறகு பரவியது. நியூசிலாந்து 2019 டிசம்பரில் எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் 22 யூரோ விலக்கை ஒழித்தது. சிங்கப்பூரில் 400 சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட இறக்குமதிக்கு 2023 ஜனவரி முதலும், மலேசியாவில் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்டதற்கு 2024 ஜனவரி முதல் 10 சதவீதமும் வரி வந்துவிட்டது. ஷாப்பி, லசாடா போன்ற இணையச் சந்தைகளில் வெளிநாட்டுப் பொருள் வாங்கும்போது பில்லில் அந்த வரி சேர்ந்திருப்பதை அங்கிருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அமெரிக்கா நேர் எதிர்த் திசையில் போய், 2016இல் 200 டாலராக இருந்த சுங்க வரி விலக்கை 800 ஆக உயர்த்தியது. சீனப் பார்சல்கள் குவிந்த பிறகு 2025 மே மாதம் சீனாவுக்கும் ஆகஸ்டில் எல்லா நாடுகளுக்கும் விலக்கை நிறுத்தியது.

இந்தியாவில் இந்த ஓட்டை வேறு பெயரில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் 5,000 ரூபாய்க்குள்ளான பரிசுக்கு அப்போது சுங்க வரி கிடையாது. சீன ஆப்கள் விற்ற துணியும் செருப்பும் பரிசு என்று எழுதி வந்து இறங்கின. 2019 டிசம்பரில் அரசு வரியில்லாப் பரிசு இறக்குமதியை நிறுத்தியது, உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் இடம் விட்டது. ஓட்டை அடைபட்டது. ஆனால் உண்மையாகவே வெளிநாட்டிலிருந்து ஒரு பொருளைப் பிள்ளைக்கு அனுப்ப நினைத்த தாத்தா பாட்டிகளும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். வியாபாரத் தளத்திடம் வரி வாங்கும் ஆஸ்திரேலிய வழியில் அந்தத் தொல்லை இல்லை. உறவினர் அனுப்பும் பார்சலில் தளம் எதுவும் இல்லை, அதனால் அந்தச் சட்டம் அவரைத் தொடுவதே இல்லை.